மலையில் இருக்கிறார் என்று எழுதினேன்

என் வீட்டுக்காரர் இறந்த மூன்றாவது மாதம், மகள் திருப்பூரிலிருந்து வந்து என் போனில் எழுதுகிற தளம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். எதை வேண்டுமானாலும் எழுதலாம், படிக்கிறவர்களுக்குப் பிடித்தால் ஓட்டுப் போடுவார்கள், ஓட்டுக்குத் தக்கபடி காசு ஏறும் என்றாள். காசுக்காக அவள் அதைச் செய்யவில்லை. நான் யாரோடும் பேசுவதில்லை என்று பக்கத்து வீட்டில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"எதையாச்சும் எழுதும்மா. இன்னிக்கு என்ன கொழம்பு வச்சேன்னாவது எழுது."

"வச்சாத்தானே எழுத."

அவள் முறைத்தாள். அவளுக்காக எழுதினேன். முதல் பதிவில் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டுமாம். போடியில் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறேன், ஒரே மகள், கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டுக்காரர் மலையில் ஸ்டோரில் இருக்கிறார் என்று எழுதி, பொத்தானை அமுக்கிவிட்டேன்.

பொய் சொல்லவேண்டும் என்று எழுதியதல்ல. இருபத்திரண்டு வருஷமாக ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் நான் சொல்லிவந்த பதில் அது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அதுதான் பதில். ஆண்கள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டங்களில் கிடப்பார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜீப்பில் இறங்கி, அழுக்குத் துணியைப் போட்டு, கறி எடுத்துத் தின்று, தூங்கி எழுந்து, திங்கட்கிழமை விடியுமுன் ஏறிவிடுவார்கள். கை தானாக எழுதிவிட்டது.

மகள் ஊருக்குப் போய்ப் படித்துவிட்டுப் போன் போட்டாள்.

"அப்பா இருக்காருன்னு எழுதியிருக்கம்மா."

"எழுதிட்டேன்."

அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் வேலை ஸ்டோரில் காய் காயவைப்பது. ஸ்டோர் என்றால் கடையல்ல. தோட்டத்தில் பறித்த பச்சைக் காயைத் தட்டு தட்டாக அடுக்கி, கீழே விறகு எரித்து, அந்த அனலில் ஒரு நாள் முழுக்கக் காயவைக்கிற கட்டடம். அனல் கூடினால் காய் வெடித்துப் போகும், குறைந்தால் நிறம் செத்துப் போகும். அந்தத் தீக்கு முன்னால்தான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விறகு லோடு ஏற்றுகிற ஜீப்பிலேயே கொண்டுவந்தார்கள். மெட்டு தாண்டும்போதே முடிந்துவிட்டதாம்.

நான் அழவில்லை. கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு என்று என் காதுபடவே சொன்னார்கள். துக்கத்தை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று சிலர் பெரிய மனசு பண்ணிச் சொன்னார்கள். அடக்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்கவேண்டுமே. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்கும் அல்லவா, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அவர் இல்லாத வீடு எனக்குப் புது வீடும் அல்ல. பதினைந்து நாளில் பதினான்கு நாள் அது அவர் இல்லாத வீடுதான். பதினைந்தாவது நாளும் வரவில்லை, அவ்வளவே.

முதல் பதிவுக்கு நாலைந்து ஓட்டு விழுந்தது. யாரோ ஒருவர், உங்கள் கணவரின் வேலையைப் பற்றி எழுதுங்களேன், கேள்விப்பட்டதே இல்லை என்று கேட்டிருந்தார். எழுதினேன். காய்ந்ததா என்று பார்க்க ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்குவார், உள்ளே விதை கலகலவென்று தனியாகப் பேசவேண்டும் என்று எழுதினேன். முதலாளி வாங்கி மாட்டிய வெப்பமானியை அவர் மதிக்கவே மாட்டார், அதன் மேல் துண்டைத் தொங்கவிடுவார் என்று எழுதினேன். அதற்கு எக்கச்சக்க ஓட்டு.

அந்தத் தளத்தில் ஒரு விதி. பதிவு போட்டு ஏழு நாள் வரைதான் ஓட்டு. எட்டாம் நாள் அது கதவு சாத்திக்கொள்ளும். பதிவு அங்கேயே கிடக்கும், ஆனால் சீந்துவாரில்லை. அதனால் தினம் எழுதவேண்டும். காலையில் எழுந்ததும் எழுதினேன். எழுதுவதற்காகவே எழுந்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். குடோனில் காய் பொறுக்கும்போது நாளைக்கு எதை எழுதுவது என்று மனசு தேடிக்கொண்டிருக்கும். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். ஒரு சோலி. கை பாட்டுக்கு வெடித்த காயை ஒரு பக்கமும் நல்ல காயை ஒரு பக்கமும் தள்ளும், நான் அவர் சொன்ன பேச்சில் எது மிச்சமிருக்கிறது என்று துழாவிக்கொண்டிருப்பேன்.

வாசகர்களில் ஒருவர் தன் முகத்துக்குப் பதில் ஒரு கிளியின் படத்தைப் போட்டிருப்பார். பெயருக்குப் பதில் வெறும் எண்கள். ஒரு பதிவு விடமாட்டார், ஓட்டுப் போடுவார், தவறாமல் ஒரு கேள்வியும் கேட்பார். விறகு ஈரமாக இருந்தால் அண்ணன் என்ன செய்வார்? தட்டை எத்தனை தடவை மாற்றி அடுக்குவார்? அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள் சகோதரி. ஏதோ வெளிநாட்டில் தோட்டம் வைத்திருக்கிற பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று போடுவேன். மறுநாள், அவர் எப்போதோ சொன்னதை நினைவிலிருந்து எடுத்து, கேட்டேன், இப்படிச் சொன்னார் என்று எழுதுவேன். கேட்டேன் என்று எழுதும்போது எனக்கு அது பொய்யாகத் தோன்றியதில்லை. உண்மையாகவே போனில் கேட்டுவிட்டு வந்த மாதிரிதான் இருக்கும்.

இருபத்திரண்டு வருஷம் ஓர் ஆளோடு வாழ்ந்தால் சொல்ல ஆயிரம் இருக்கும் என்று நினைப்போம். அவர் போனில் சாப்பிட்டியா, அங்க மழையா என்பதற்கு மேல் பேசமாட்டார். ஊருக்கு வந்தாலும் பாதி நேரம் தூக்கம். எழுத ஆரம்பித்த பதினோராவது மாதத்தில் அவர் எனக்குத் தீர்ந்துபோனார். பழைய பதிவையே திருப்பி எழுதிப் பார்த்தேன், வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் செத்தபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. எழுத ஒன்றுமில்லாத அன்று அவர் நிஜமாகவே செத்துவிடுவார், அடுத்த நாள் நான் எழுந்திருக்கமாட்டேன் என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில் கிளிப்படக்காரர் கேட்டார். விடாத மழையில் காய் ஈரம் சொட்டச் சொட்ட வந்தால், ஸ்டோரில் ஆவி போகிற சன்னலை அண்ணன் எப்போது அடைப்பார்?

அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் சன்னலை நான் பார்த்ததுகூட இல்லை. தெரியாது என்று எழுதினால் அன்றைக்குப் பதிவு இல்லை. மழையில் வீட்டுச் சன்னலை என்ன செய்வோம்? சீக்கிரமே அடைத்துவிடுவார், வெளிக்குளிர் உள்ளே வந்தால் அனல் போய்விடும் என்று சொன்னார் என எழுதினேன். நிறையப் பேர் ஓட்டுப் போட்டார்கள்.

இட்டுக்கட்டுவது அவ்வளவு சுலபமாக இருந்ததே என்னை உறுத்தியது. இனி இப்படியே போனால் நான் எழுதுகிற ஆள் வேறு யாரோ ஆகிவிடுவார். மேலே போய் அவரோடு இருந்தவர்களிடம் கேட்டு, புதிதாக நாலு விஷயம் வாங்கிக்கொண்டு வரலாம் என்று ஒரு மாதம் கழித்துக் கிளம்பினேன். அவர் செத்த பிறகு மட்டுமல்ல, அவர் இருந்தபோதும் நான் அந்த ஸ்டோருக்குப் போனதில்லை.

காய் எடுக்கப் போகிற பெண்களின் ஜீப்பில் இடம் கேட்டு ஏறினேன். பதினான்கு பேர், மடியில் தூக்குச்சட்டி. வளைவு ஆரம்பித்ததும் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மெட்டில் மூடுபனி. செக்போஸ்ட் தாண்டியதும் போன் கேரளாவுக்கு மாறிக்கொண்டது. இந்த இடத்தில்தான் அவர் உயிர் போனது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் தூங்கியவளின் தூக்குச்சட்டி சரிந்தது, பிடித்து நிமிர்த்தி வைத்தேன்.

ஸ்டோரில் தீ பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டார்.

"வாங்க மதினி. உக்காருங்க. கட்டஞ்சாயா போடவா, பாலில்ல?"

"என்னய எப்படித் தெரியும்?"

"அண்ணே போன்ல உங்க போட்டோவத்தான வச்சிருந்தாரு. நான் அவருக்கு விறகு எடுத்துப் போட்ட ஆளு. அவரு போனதுக்கப்புறம் மொதலாளி என்னயத் தீக்கு முன்னாடி உக்கார வச்சுட்டாரு."

சாயா போடத் திரும்பியபோது அவர் போன் சாக்கின் மேல் கிடந்தது. திரையில் அந்தக் கிளி.

நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கொஞ்சம் வெட்கப்பட்டார். தனக்கு வேலை முழுசாகத் தெரியாது என்றும், தெரிந்த மாதிரி முதலாளியிடம் தலையாட்டிவிட்டதாகவும், ஜீப்பில் ஒரு பெண் என் பதிவைக் காட்டியதாகவும் சொன்னார். அதைப் படித்துத்தான் இந்த ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறார்.

"அவரு செத்துட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"நான்தான மதினி ஜீப்புல தூக்கி ஏத்துனேன்."

"பெறகு ஏன் அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்கன்னு எழுதுனீங்க?"

"நீங்க அப்படி எழுதிக்கிட்டு இருந்தீங்க. நான் எதுக்கு அதக் கெடுக்கணும்னுதான். எப்பவோ சொன்னத ஞாபகம் வச்சுச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

எனக்குச் சன்னல் ஞாபகம் வந்தது. கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது. நான் எழுதியதை நம்பி அந்த மழையில் சீக்கிரமே சன்னலை அடைத்திருக்கிறார். ஆவி போக வழியில்லாமல் காயெல்லாம் வெந்து வெளுத்துவிட்டது. ஒரு லோடு முழுக்க. முதலாளி எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டி, மறுபடி விறகு சுமக்க அனுப்பியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து வேறு ஆள் கிடைக்காமல் கூப்பிட்டுக்கொண்டாராம்.

"அதுக்கப்புறமும் ஏன் தப்பாச் சொன்னேன்னு எங்கிட்ட கேக்கலையே."

"அண்ணே சொன்னது தப்பா இருக்காது மதினி. நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன்."

அவர் அதைச் சொன்னபோது என் முகம் சுட்டது. அடுப்பு அனல் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தேன், அப்போதும் சுட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது எனக்கு எதுவும் சுட்டு.

"அவரு அதச் சொல்லவே இல்ல. நானா எழுதுனது. அன்னைக்கு எழுத ஒண்ணுமில்ல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாயாவை என் கையில் கொடுத்துவிட்டு, விறகை ஒருமுறை தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார். புதிதாக நாலு விஷயம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவள், ஒன்றும் கேட்காமல் ஜீப்பில் இறங்கினேன்.

மறுநாள் காலை எழுதினேன். என் வீட்டுக்காரர் இறந்து பதினைந்து மாதமாகிறது. அவர் சொன்னதாக நான் எழுதியதில் சன்னலைப் பற்றியது மட்டும் பொய், அதை நம்பி ஒருவர் பேச்சு வாங்கினார், அந்தப் பழி என் வீட்டுக்காரருக்கு வேண்டாம், அவர் தொழிலைச் சரியாகச் செய்தவர். எழுதி அனுப்பினேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்று சிலர் போனார்கள். போகட்டும், நியாயம்தான். மகள் போன் செய்தாள். படிச்சேன்மா என்றாள்.

குடோனில் அன்று என் தட்டில் கொட்டிய மூட்டையில் வெளுத்த காய் நிறைய இருந்தது. அது எந்தத் தோட்டத்துக் காயோ. இத்தனை வருஷமாக வெளுத்ததைப் பார்த்தால் யோசிக்காமல் ஒதுக்கித் தள்ளுவேன். அன்றைக்கு ஒன்றை எடுத்தேன், கீழே வைக்க முடியவில்லை. இது காயும்போது ஒருவர் தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தேன். என் ஆள் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், வாயைப் பொத்தவும் நேரமில்லை, சத்தம் போட்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் முதலில் தட்டைத்தான் இழுத்தாள்.

"காய் நனையுது ஆத்தா, காய் நனையுது" என்றாள். பிறகுதான் என்னைப் பிடித்தாள்.

சாயங்காலம் அதை எழுதினேன். இன்று அழுதேன், கொஞ்சம் காய் நனைந்துவிட்டது, வீணாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. இரண்டே வரி. யாரும் ஓட்டுப் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கிளிப்படக்காரர் வந்தார்.

"நனைஞ்ச காய உடனே கைக்குள்ள வச்சுக்கணும் மதினி, உடம்புச் சூடே போதும், நெறம் போகாதுன்னு அண்ணே சொல்லுவாரு. உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை என்று எழுதினேன். வேறு என்னவெல்லாம் சொன்னார் என்று கேட்டேன்.