எடுக்க மறந்த சிரிப்பு

வினிதா பயந்து பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் யாருமில்லை. எண்ணூரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலையில் முதுகலை படிக்க வந்தவள். முதல் வாரமே பேராசிரியரிடம், "சார், நீங்க காட்ற படத்துல எல்லாம் கடல் சும்மா அழகா கீது. எங்க கடல் அப்டி இல்ல" என்றாள். நான் ஜெரி, ராயபுரத்துக்காரன். அன்றிலிருந்து அவளுக்குக் கேமரா பிடிப்பவனும் அவளிடம் திட்டு வாங்குபவனும் நான்தான்.

தேர்வுக்கான எங்கள் குறும்படத்தில், கரையொதுங்கிய ஒரு மீனவனின் உடல் வர வேண்டும். நானே படுக்கிறேன் என்றார் அவள் அப்பா ரகுபதி. பிணமாக நடித்தவரைக் கடைசியில் சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் ஆகாது என்பது சினிமா எடுக்கிறவர்களின் வழக்கம். வினிதா இதைச் சொன்னதும் அவர், "அதெல்லாம் சினிமாக்காரன் பேஜாரு. கடலுக்குப் போறவன ஒரு போட்டா இன்னாம்மே பண்ணிடும்?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அருமையாகச் செத்தார். திடீரென்று ஒரு அலை ஏறி வந்து கேமராவை நனைக்க, தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த அமளியில் சிரிப்பு ஷாட்டை மறந்தே போனோம்.

மறுநாள் எடிட்டிங் அறையில், அவர் கண்மூடிக் கிடப்பதோடு ஷாட் முடிந்தபோதுதான் வினிதா "அய்யோ" என்றாள். உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. விடியற்காலையிலேயே தனியாகக் கடலுக்குப் போயிருந்தார்.

"இதையெல்லாம் நம்புறியா நீ?" என்று கேட்டேன்.

"நம்பல. பயமா கீதுடா."

மதியத்துக்குள் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. ரயில் பிடித்து எண்ணூர் போய்ச் சேர்ந்தோம். மற்ற படகுகளெல்லாம் கரையேறியிருந்தன. அவரைத் தேடிப் போன படகும் இன்னும் வரவில்லை. கரையில் நின்றிருந்த அவள் அம்மா கோவிந்தம்மா, மகளைப் பார்த்ததும், "நல்லா இருந்த மன்சன எதுக்குடி பொணமா படுக்க வெச்ச?" என்று கேட்டார். வினிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படுபாவி ஷாட்டை எடுத்தவன் நான்தானே. மாதாவே மாதாவே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அனல்மின் நிலையத்துப் பக்கம் வெயில் இறங்கிவிட்டது. கடலில் ஒன்றும் தெரியவில்லை.

வினிதாவின் போன் ஒலித்தது. அப்பா எண்ணிலிருந்து ஒரு படம். இன்னொன்று. பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

கோவிந்தம்மா அலறினார். "டவர் கெட்ச்சிட்சிடி! கிட்ட வந்துட்டாரு!"

நடுக்கடலில் ஏது டவர்? அங்கே அனுப்பியதெல்லாம் இப்போதுதான் வந்து சேர்கிறது. வினிதா ஒவ்வொன்றாகத் திறந்தாள். நின்றுபோன எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னைத்தானே எடுத்திருக்கிறார். எல்லாப் படத்திலும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். கண்ணில் மட்டும் சாவு பயம்.