மாதச் சந்தாவில் ஒரு மூச்சு

போன சனிக்கிழமை காலை ஜெலுத்தோங் பாசாரில், மீன்கடை முன்னால் நின்று, கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கமலா அக்கா போன் செய்தார்.

“தங்கச்சி, காலையிலேர்ந்து அவரு வரமாட்டேங்கிறாரு. என்னான்னு கொஞ்சம் பாருலா.”

பக்கத்தில் நின்று கேட்ட யாரும் ஏதோ வீட்டுச் சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள். அக்கா சொன்ன ‘அவரு’ அவருடைய கணவர் பாலன் அண்ணன். அவர் இறந்து வருடக்கணக்காகிறது. வராமல் போனது அவருடைய படம்.

படம் என்றால் சும்மா படம் இல்லை. கைப்பேசியில் ஓர் இணைப்பைத் தொட்டால் பாலன் அண்ணன் வருவார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில், நீலச் சட்டையில், தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு, சிரித்து முடித்த வாயோடு நிற்பார். ஒன்றும் பேசமாட்டார், கண்கூட இமைக்காது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார், பார்க்கிறவர்கள் மூடும்வரை.

மீனைப் போட்டுவிட்டு அந்த இணைப்பைத் தொட்டேன். வெள்ளைப் பக்கம் வந்தது. நடுவில் சின்ன எழுத்தில், இந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது, இத்தனை காலம் எங்களுடன் இருந்ததற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. இழவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு கல்யாணத் தாம்பூலம் கொடுத்த மாதிரி இருந்தது அந்த நன்றி. மீன் வாங்காமலேயே வெளியே வந்து, பூக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். கடைக்கார அம்மா சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார். ஈரச் சந்தன வாசனை வந்தால் எனக்குச் சாமி நினைவு வராது, எங்கள் ஸ்டூடியோதான் நினைவுக்கு வரும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சூலியா தெருவில் ஒரு காசு மாற்றும் கடைக்கு மேலே இரண்டு அறை. படிக்கட்டில் ஏறும்போதே பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடையின் குழம்பு வாசனை நம்மோடு சேர்ந்து ஏறும்; மாலையில் வீட்டுக்குப் போனால் என் தலைமுடியை மோந்து பார்த்தே அன்றைக்குக் கோழியா ஆடா என்று அம்மா சொல்லிவிடுவாள். அங்கேதான் நான் முதல்முதலாகச் சம்பளம் வாங்கினேன். முதலாளி மெய்யப்பன் அண்ணன், தாத்தா காலத்தில் கிட்டங்கியில் உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்த செட்டிநாட்டுக் குடும்பம். பாலன் அண்ணன் அங்கே மூத்தவர். நான் கடைக்குட்டி. அவ்வளவுதான் கம்பெனி.

படங்களையும் எழுத்துகளையும் அசைய வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. கல்யாணம் என்றால் இரண்டு தாமரையிலிருந்து மணமக்கள் பெயர் புறப்பட்டு வந்து நடுவில் சேரும். இருபத்தோராவது பிறந்தநாள் என்றால் தங்கச் சாவி சுழன்று வரும். பதினாறாம் நாள் காரியம் என்றால், இறந்தவர் மூச்சு விடுவார்.

இந்த மூச்சு பாலன் அண்ணனின் கைவரிசை. குடும்பப் படத்திலிருந்து ஆளைத் தனியாக வெட்டி எடுத்து, தோளையும் நெஞ்சையும் ஒரு துண்டாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஏற்றி இறக்குவார். தன் மகள் குழந்தையாக இருந்தபோது தூங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியதாம். திரையில் அதைப் பார்த்ததும் மண்டபம் ஒரு கணம் அடங்கிப்போகும், அப்புறம் யாராவது ஒருவர் வாய்விட்டு அழுவார். நான் ஒருமுறை, “பயமா இல்லையாண்ணே?” என்று கேட்டேன். “நான் என்ன உசிரா குடுக்கிறேன்? காத்துதானே குடுக்கிறேன்” என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

அப்போது எங்களிடம் இருந்த மென்பொருள் பெட்டியோடு வாங்கியது. ஒரே தடவை காசு, அப்புறம் ஆயுசுக்கும் நம்முடையது. கூடவே கட்டைவிரல் அளவில் பச்சையாக ஒரு சாவி வரும். அதைக் கணினியின் பின்பக்கம் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். உலகம் முழுக்க மாதச் சந்தாவுக்கு மாறிக்கொண்டிருந்த சமயத்திலும் மெய்யப்பன் அண்ணன் அசையவில்லை. “வாங்குனா நம்ம வீடு. மாசாமாசம் கட்டுனா வாடகை வீடு. செவுத்துல ஒரு ஆணி அடிக்கிறதுக்கும் அவன்கிட்ட கேக்கணும்” என்பார். வட்டி வாங்கியே வளர்ந்த குடும்பத்துக்கு மாசாமாசம் கட்டுவது என்றால் எவ்வளவு கசப்பு என்று நானும் பாலன் அண்ணனும் பின்னால் சிரித்துக்கொள்வோம்.

அந்தப் பெட்டி எப்படிப் போனது என்கிறீர்களா? பக்தியால் போனது. சரஸ்வதி பூசைக்குக் கேமரா, விளக்கு, கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். அந்த வருடம் பாலன் அண்ணன், சோறு போடுவதே இதுதானே என்று சாவியைக் கழற்றிச் சாமி முன்னால் வைத்து, கரைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் இட்டார். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துச் செருகினால், சாவியைக் காணவில்லை என்கிறது கணினி. சாவி மாப்பிள்ளை மாதிரி பொட்டோடு கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. துடைத்தோம். பல்குச்சியால் சுரண்டினோம். அரிசிப் பானையில் புதைத்து வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மென்பொருள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், அந்தப் பதிப்பும் இல்லை, சாவியும் இல்லை, இனி எல்லாம் சந்தாதான் என்று பதில் வந்தது.

“சரஸ்வதியையே உள்ள வச்சுப் பூட்டிட்டியே பாலா!” என்று தலையில் கை வைத்தார் முதலாளி.

“அலாமாக், ஈரம் கொஞ்சம் கூடிருச்சுண்ணே” என்றார் பாலன் அண்ணன்.

வேறு வழியில்லாமல் வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். இணையத்திலேயே இயங்கும் மென்பொருள் ஒன்று, மாதச் சந்தா. கையில் தொட ஒன்றும் கிடையாது. அடுத்த சரஸ்வதி பூசைக்கு எதை வைப்பது என்று தெரியாமல் பாலன் அண்ணன் ரசீதை அச்சடித்து அதன் நெற்றியில் பொட்டு வைத்தார். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. அசையும் படம் அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்திலேயே ஓடும், இணைப்பை மட்டும் கொடுத்தால் போதும். முன்பெல்லாம் குறுவட்டில் போட்டுக் கொடுப்போம். டத்தோ கிராமாட்டில் பல வீட்டு அலமாரிகளில் இன்றைக்கும் எங்கள் வட்டுகள் தூங்குகின்றன. ஓட்டிப் பார்க்கத்தான் கருவி இல்லை. சொந்தமாக வாங்கியது மட்டும் என்ன வாழ்ந்துவிட்டது என்று சில நேரம் தோன்றும்.

பாலன் அண்ணனின் மோட்டார் சைக்கிள் ஒரு மழைநாளில் சறுக்கியது. ஆஸ்பத்திரியில் இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது. புஸ் என்று ஏறி, டக்கென்று நின்று, இறங்கும். கமலா அக்காவோடு நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். இனி எழுந்திருக்கமாட்டார் என்று டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி, ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். நிறுத்தலாமா என்பதைக் குடும்பம்தான் சொல்லவேண்டும். மகள் சின்னப் பெண். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அக்கா டாக்டர் பக்கம் திரும்பி, “சரி” என்றார். அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அந்த அறையில் எழுந்த அமைதி மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை.

காரியத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். “ஊருக்கெல்லாம் மூச்சு வச்சாரு. அவருக்கு நீ வச்சுக் குடு தங்கச்சி.”

எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்ற மனிதருக்குத் தனிப் படமே இல்லை. தண்ணீர்மலைக் கூட்டத்தில் யாரோ எடுத்த ஒன்றிலிருந்து வெட்டினேன். தோளைப் பிரித்தேன். ஓடவிட்டேன். அவர் மூச்சு விட்டார், நான் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டேன். அது வெறும் காற்று என்று அவரே சொன்னதுதான், தெரியும். தெரிந்து என்ன பயன்?

அக்கா வந்து பார்த்ததும் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இது ஆஸ்பத்திரி மூச்சு. வேணாம், நிப்பாட்டு.”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. புஸ் என்று ஏறி, டக்கென்று நின்று, இறங்குகிறது. அந்த இயந்திரத்தின் தாளம் என் கைக்குள் புகுந்திருக்கிறது. அவருடைய சொந்த மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது என்றேன். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“தூங்கும்போது இப்படித்தான் விடுவாரு” என்று சொல்லி, தன் கணவரைப் போல மூச்சு விட்டுக் காட்டினார். நீளமாக உள்ளே போகும். மேலே போய் ஏதோ யோசிப்பதுபோல் சற்றுத் தயங்கும். அப்புறம் இரண்டு தவணையாக வெளியே வரும். அவர் விட விட, நான் அதைப் பார்த்து நெஞ்சை ஏற்றி இறக்கினேன். ஒரு பெண் தன் புருஷனின் மூச்சைத் தன் உடம்பில் வாங்கி வெளியே விடுகிறாள், நான் அதைத் திரையில் பிடிக்கிறேன். மதியம் முழுக்க அதையேதான் செய்துகொண்டிருந்தோம். கடைசியில் அக்கா கண்ணைத் திறந்து திரையைப் பார்த்து, “ஆமா, இவருதான்” என்றார்.

அதைத் தனி வீடியோவாக இறக்கியும் கொடுத்துப் பார்த்தேன். ஆனால் கைப்பேசியில் ஓடி முடியும் இடத்தில் ஒரு கணம் இருட்டாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். “நின்னு நின்னு வருது, பாக்க முடியல” என்று என் கண்முன்னாலேயே அக்கா அதை அழித்தார், என்னிடம் இருந்ததையும் அழிக்க வைத்தார். இணைப்பில் அந்தக் கோளாறு இல்லை. அங்கே அவர் நிற்காமல் மூச்சு விட்டார். விடிகாலை பாயான் லெப்பாசுக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்து தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா வேலைக்குப் போவார்.

ஸ்டூடியோ மூடியது. மெய்யப்பன் அண்ணன் மகளோடு கோலாலம்பூருக்குப் போனார். நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் சேர்ந்து, அசையாத காகிதங்களோடு வாழக் கற்றுக்கொண்டேன். சந்தாவை மட்டும் என் கார்டுக்கு மாற்றிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஒருமுறை அவராகவே, “இது வாங்கிட்டதுதானே தங்கச்சி?” என்று கேட்டார். “வாங்கிட்டதுதான்க்கா” என்றேன். பின்னே என்ன சொல்வது? உங்கள் வீட்டுக்காரருடைய மூச்சு மாதக் கணக்கில் ஓடுகிறது, வேண்டுமா நிறுத்தலாமா என்று ஏற்கெனவே ஒருமுறை சரி சொன்னவரிடம் போய்க் கேட்க முடியுமா? மாதாமாதம் வங்கியிலிருந்து சந்தாக் காசு கழிந்த குறுஞ்செய்தி வரும்போது, அப்பாடா, இந்த மாதமும் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். கார்டு காலாவதியான வருடம் அலுவலகத்தில் பொய் சொல்லிவிட்டு வங்கிக்கு ஓடினேன். மென்பொருளைத் திறந்தே பல வருடம் ஆயிற்று. ஒரு மூச்சுக்காகத்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

சேவையை மூடப்போகிறோம் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதித்தான் இருக்கிறார்கள், ஸ்டூடியோவின் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு. அதைத் திறக்க யாரும் இல்லை.

பாசாரிலிருந்து நேராக அக்காவின் அடுக்குமாடிக்குப் போனேன். வழியெல்லாம் பொய் தேடினேன், ஒன்றும் வாய்க்கவில்லை. உட்கார்ந்ததும், சந்தா என்பதையும் கம்பெனி மூடிவிட்டதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அக்கா தேத்தண்ணீரை என் முன்னால் நகர்த்தினார். “தெரியும்லா. மக எப்பவோ சொல்லிட்டா.”

“அப்புறம் ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?”

“நீயா ஒருநாள் நிப்பாட்டுவியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நான் சொல்லமாட்டேன்மா. ஒரு தடவ சொன்னதே போதும்.” தன் கோப்பையைக் கையில் எடுத்தார். “இப்ப நீயும் நிப்பாட்டல இல்ல?”

“இல்லக்கா. கம்பெனிக்காரன்தான்.”

“அவனுக்கு இவரு யாருன்னே தெரியாது. அப்ப சரி.”

அந்தச் ‘சரி’யைக் கேட்டு நான்தான் அழுதேன். அழுது முடித்ததும் பழைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. அசையாத அந்தத் தண்ணீர்மலைப் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேறு ஏதாவது மென்பொருளில், இந்த முறை சொந்தமாக வாங்கியாவது, மறுபடி செய்துவிடலாம். “அன்னிக்கு மாதிரி மூச்சு விட்டுக் காட்டுங்கக்கா, அது போதும்” என்றேன்.

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். நீளமாக இழுத்தார், விட்டார். தலையை ஆட்டினார். மறுபடி இழுத்தார். இது இல்லை என்று கையால் காட்டினார். இன்னொரு முறை இழுத்து, மேலே நிறுத்தி, அங்கேயே நின்றுவிட்டார். எனக்கும் அந்தத் தயக்கம் நினைவிருந்தது. அது எவ்வளவு நேரம் என்பது நினைவில் இல்லை.

அக்கா கண்ணைத் திறந்தார்.

“தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்னு மனசுல வச்சுக்காம விட்டுட்டேன் தங்கச்சி. இப்ப எனக்கு என் மூச்சுதான் வருது.”