ஓரகத்தியின் கம்ப்யூட்டர்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் பேட்டர்ன் அறையில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்கக் குனிந்தால் டேப்பின் நுனி டம்ளருக்குள் விழும். எடுத்து உதறிவிட்டு மீதியைக் குடிப்பாள்.

முதலில் கட்டிங் மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள்தான். போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தே கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொண்டாள். ஒரு சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, காலர், பாக்கெட் எல்லாவற்றையும் திரையில் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்க வேண்டும். அந்த அடுக்குக்கு மார்க்கர் என்று பெயர். அடுக்கி முடித்ததும் மூலையில் நிற்கும் பிளாட்டர் என்ற பெரிய பொறி அதை நிஜ அளவில் நீளக் காகிதத்தில் வரைந்து தள்ளும். காகிதத்தைத் துணியின்மேல் விரித்து, கோட்டின்மேலேயே கத்தியை ஓட்டுவார்கள். காலருக்கும் கைக்கும் நடுவே விரல் நுழையும் இடம் வீணாகிவிட்டால் டேப்பக்காவுக்கு அன்று சோறு இறங்காது.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பஸ். சின்னவளை இங்கே சேர்த்துவிட்டதே டேப்பக்காதான். "வீட்டுல சும்மாதான் இருக்கா சார், கை நல்ல சுறுசுறுப்பு" என்று சூப்பர்வைசரிடம் அவளே சிபாரிசு செய்தாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை தோன்றியிருக்கிறது.

அறையின் பொறுப்பாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதே சமயம் வெளிநாட்டுக்குக் கப்பலில் போக வேண்டிய பெரிய சட்டை ஆர்டர் ஒன்று வந்தது. "இந்த ஆர்டர யாரு நல்லா முடிச்சுக் குடுக்குறாங்களோ, அவங்கதான் இனிமே ரூமுக்குப் பொறுப்பு" என்றார் சூப்பர்வைசர். 'யாரு' என்பது பேச்சுக்குத்தான். அது தன்னைத்தான் என்று டேப்பக்கா எடுத்துக்கொண்டாள். சின்னவளும் அது அக்காதான் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று பஸ்ஸில், "அக்கா, பொறுப்புக்கு வந்ததும் எனக்கு ஜன்னலோர சீட்டு குடுத்துருங்க" என்று சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அப்டேட் வந்தது.

இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நாளில் வாங்கியவை. எது யாருடையது என்று ஒட்டியிருந்த பொட்டை வைத்துத்தான் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் இரண்டுமே நீலத் திரையைப் போட்டு, அணைக்காதீர்கள் என்று எழுதிக் காட்டிவிட்டு வேலையில் இறங்கின. கை கழுவிவிட்டு வந்தபோது சின்னவளுடையது முடித்துவிட்டுக் காத்திருந்தது. டேப்பக்காவுடையதில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. ஒருவழியாக எழுந்தபோது அது பழைய கம்ப்யூட்டராக இல்லை. பாக்கெட்டைப் பிடித்து இழுத்தால், கை எங்கோ போன பிறகு பாக்கெட் யோசித்து யோசித்துப் பின்னால் வந்தது. உள்ளே விசிறி மட்டும் ஊரைக் கூட்டியது.

போனில் சிஸ்டம்காரர் நிதானமாகக் கேட்டார்.

"படம் விட்டு விட்டு வருதா?"

"வருது."

"டிஸ்பிளே டிரைவர் ஒத்துக்கலக்கா. அப்டேட் பாதியில நின்னுருக்கு. நான் வந்துதான் சரி பண்ணணும்."

"எப்ப வருவீங்க?"

"வெளியூர்ல இருக்கேன்."

"அவளோடது மட்டும் எப்படி ஓடுது?"

"அது அதோட ராசிக்கா" என்று வைத்துவிட்டார்.

ராசியாம். அந்த வார்த்தை சோற்றில் கல்லாக நாள் முழுக்கக் கடிபட்டது. பக்கத்தில் சின்னவளின் திரையில் துண்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஒரு கை, ஒரு காலர், ஒரு தட்டல். பார்க்கக் கூடாது என்று திரும்பி உட்கார்ந்தால் மவுஸின் டிக் டிக் சத்தம் காதில் விழுந்தது.

கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்ன டேப்பக்கா, மெஷினு தியானத்துல இருக்கா?"

"ஆமா. உங்களுக்கும் சேத்து வேண்டிக்குது."

சூப்பர்வைசர் வந்தார், இரண்டு திரையையும் பார்த்தார். பெரிய சைஸ் மார்க்கர்களைச் சின்னவளிடம் மாற்றிவிட்டார். "கோவிச்சுக்காதம்மா, கப்பலுக்கு உன் சிஸ்டம் ஸ்லோன்னு தெரியாது" என்றார்.

மறுநாள் அதைவிட மோசம். சின்னவளின் முதல் மார்க்கரை வெட்டி முடித்ததும் சூப்பர்வைசர் கையைத் தேய்த்துக்கொண்டு அறைக்கு வந்தார். "போட்ட கணக்கவிடத் துணி குறைவாப் போயிருக்கு. எப்படிம்மா அடுக்குன?"

சின்னவளுக்கே புரியவில்லை. "எப்பவும் போலத்தான் சார். அக்கா சொல்லிக் குடுத்த மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தைதான் டேப்பக்காவுக்கு எரிச்சலை ஏற்றியது. வேறு எங்கிருந்தாவது திருடியாவது அடுக்கியிருக்கக் கூடாதா? தான் கற்றுக்கொடுத்ததை வைத்தே தன்னைவிடத் துணி மிச்சம் பிடித்தால் அப்புறம் தனக்கென்று என்ன இருக்கிறது?

அன்று இரவுச் சாப்பாட்டில் கொழுந்தன் தன் மனைவியின் புகழை எடுத்துவிட்டான். டேப்பக்கா பாத்திரத்தை வைத்த வேகத்தில் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"பாத்திரம் என்ன பண்ணுச்சு?" என்றான் அவள் கணவன். "அவளுக்குப் பேரு வந்தா நம்ம வீட்டுக்கு வந்த மாதிரிதான?"

"அப்ப அவ சாப்புட்டாலே உங்க வயிறு ரொம்பிரும். தட்டக் குடுங்க இப்படி."

கொழுந்தன் சிரித்துவிட்டான். சின்னவள் சிரிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நாளைக்கு நீங்க என் மெஷின்ல உக்காந்துக்கிறீங்களா? உங்களோடத நான் பாத்துக்கறேன்."

"பிச்சையெல்லாம் வேண்டாம்மா."

அடுத்த நாள் சின்னவளின் இரண்டாவது காகிதம் கட்டிங் மேசைக்குப் போயிற்று. டேப்பக்கா ஏதோ வேலையிருப்பதுபோல் பின்னாலேயே போனாள். தப்புக் கண்டுபிடிக்கத்தான் போனாள். எங்கே இடைவெளி விட்டிருக்கிறாள், எந்தக் காலரைக் கோணலாக வைத்திருக்கிறாள் என்று ஒவ்வொரு கோடாகத் தேடினாள். அடுக்கு சுத்தமாக இருந்தது.

திரும்பும்போது மேசைக்கடியில் கழிவு மூட்டை கண்ணில் பட்டது. முந்தைய நாள் வெட்டிய துணியின் கரைகள். வழக்கமாக அந்தக் கரை நாடா மாதிரி ஒல்லியாக விழும். இது பட்டையாக இருந்தது.

அகலம் மிஞ்சுகிறதே என்று டேப்பை எடுத்துக் காகிதத்தில் வரைந்திருந்த அடுக்கின் அகலத்தைப் பிடித்தாள். குறைந்தது. காலரைப் பிடித்தாள். அதுவும் குறைந்தது. கையும் முதுகும் அப்படியே, எல்லாம் ஒரே விகிதத்தில் இத்துனூண்டு சுருங்கியிருந்தன. துணி மிச்சமானது இதனால்தான். சட்டையே சின்னது.

அந்த அறையின் வழக்கம், காகித ரோல் மாற்றும்போது மட்டும் ஓரத்தில் ஒரு சதுரம் வரையவிட்டு டேப்பால் அளப்பது. ரோல் மாறவில்லை, அதனால் யாரும் அளக்கவில்லை. அப்டேட்டும் ஒரு மாற்றம்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. தன் கம்ப்யூட்டர் நன்றாக ஓடியிருந்தால் தனக்கும் தோன்றியிருக்காது.

டேப்பைச் சுருட்டாமல் அப்படியே தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. துணி வெட்டப்படும், தையலுக்குப் போகும், பட்டன் போட்ட சட்டை யாருக்கும் சேராது. அப்புறம் ராசி, சுறுசுறுப்பு என்று எவரும் பேசமாட்டார்கள். சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் சின்னவள் மூன்றாவது மார்க்கரை அடுக்கிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்த முணுமுணுப்புகூட டேப்பக்காவுக்குப் பொறுக்கவில்லை.

கட்டிங் பக்கம் கத்தி மோட்டார் உறுமத் தொடங்கியது.

நல்ல துணி. கோணல் இல்லாமல் விரித்திருந்தார்கள், அதை அவளே பார்த்திருந்தாள். அவள் எழுந்து ஓடி, சுவரில் இருந்த சுவிட்சை அமுக்கினாள்.

"என்னாச்சு? கரண்டா?" என்று மாஸ்டர் கத்தினார்.

"காகிதம் தப்பு. அளந்து பாருங்க. எல்லாத் துண்டும் சின்னது."

கூட்டம் கூடிவிட்டது. சூப்பர்வைசர் டேப்பைத் தானே வாங்கி அளந்தார், முகம் விழுந்தது. இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரே சதுரத்தை வரையச் சொன்னார். ஊர்ந்து ஊர்ந்து டேப்பக்காவுடையது அனுப்பிய சதுரம் கச்சிதமாக இருந்தது. பறந்து வந்த சின்னவளின் சதுரம் சுருங்கியிருந்தது.

டேப்பக்கா இந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தாள். சின்னவள் அழுவாள், மழுப்புவாள், கம்ப்யூட்டர்மேல் பழி போடுவாள்.

"என் தப்புதான் சார்" என்றாள் சின்னவள். "அப்டேட் ஆனதும் ஒரு சதுரம் போட்டுப் பாத்திருக்கணும். நேத்து வெட்டுனதும் இப்படித்தான் இருக்கும். அத அடுத்த சின்ன சைஸுக்குத் திருத்தி வெட்டிக்கலாம். நான் கூட நின்னு செஞ்சு குடுக்கறேன்."

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். "பரவால்ல. ஒத்துக்கிட்டியே, அந்த மனசு யாருக்கு வரும்?"

டேப்பக்காவுக்குக் காது சூடேறியது. கண்டுபிடித்தது யார், மனசு யாருக்கு?

"சரி, அவ மெஷின்தான் வேகம்" என்றார் அவர் தொடர்ந்து. "அவ அடுக்கட்டும். டேப்பக்கா, நீ ஒவ்வொரு காகிதத்தையும் அளந்து பாத்துரு."

"அளக்கறதுக்கு மாஸ்டர் இருக்காரு" என்றாள் டேப்பக்கா. சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். "எந்திரி."

சின்னவள் எழுந்தாள். டேப்பக்கா உட்கார்ந்து பிரிண்டர் பட்டியலைத் திறந்தாள். ஒரே பிளாட்டர் இரண்டு பெயரில் இருந்தது. அப்டேட் தன் பங்குக்குப் பிளாட்டரை இயக்க டிரைவர் என்ற பொதுவான மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, கேட்காமலே முதல் இடத்தில் உட்கார வைத்திருந்தது. அதுதான் ஒவ்வொரு பக்கத்தையும் காகிதத்துக்குள் பொருத்துகிறேன் என்று சுருக்கியிருந்தது. தன்னுடையதில் அப்டேட் பாதியில் நின்றதால் அது வந்திருக்கவில்லை. பழைய பெயரைத் தேர்ந்தெடுத்துச் சதுரத்தை அனுப்பினாள். மாஸ்டர் அளந்துவிட்டுத் தலையாட்டினார்.

வேலை முடிந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த மார்க்கரைத் திறந்து ஒரு காலரைப் பிடித்து இழுத்தாள். கை போன இடத்துக்குக் காலர் கூடவே வந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி! சூப்பர்வைசர், "யாரோ ஒருத்தர் முடிச்சுக் குடுங்க தாயே" என்று வெளியே போனார். சின்னவள் அந்தத் தியான மெஷினின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது.

"அக்கா, நாளைக்கும் நீங்கதான் அதுல உக்காருவீங்களா?"

"ஆர்டர் முடியிற வரைக்கும் நான்தான்."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன்டி, பொறாமையா இருக்கா?"

"இருக்குக்கா. ரொம்ப."

டேப்பக்கா பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பெரிய துண்டைத் தானே எடுத்துக்கொண்டு, மீதியை ஓரகத்தியின் மடியில் வைத்தாள்.