கூடையோரம் கிடந்த இறகு

கெட்ட எண்ணத்தோடு செய்த காரியம் நல்லதாய் முடிந்தால், அதற்குக் கிடைத்த பாராட்டை வைத்துக்கொள்ளலாமா? இன்று அடுப்படியில் சின்ன வெங்காயமும் மிளகும் தட்டியபோது எழுந்த நெடி, சின்னசேலம் சாலையை அகலப்படுத்தியபோது இடிபட்ட எங்கள் கூரை வீட்டுக்கும் இந்தக் கேள்விக்கும் என்னைக் கொண்டுபோய் விட்டது.

அங்கே மூலைக் கூடையில் பதினொரு முட்டைமேல் அடைகாத்த கோழிக்குச் சளி பிடித்து, கொர்கொர்ரென்று இழுத்தது. களையெடுத்துத் திரும்பும் அம்மா, முகம்கூடக் கழுவாமல், வெங்காயமும் மிளகும் தட்டி அதற்கு ஊட்டி, முந்தானையால் மூக்கையும் துடைத்துவிடுவதைப் பார்த்துப் பார்த்து, நான் வேண்டுமென்றே பலமாக இருமுவேன்.

"உனக்கு இன்னாடி?"

"எனக்குந்தான் சளி."

"உனக்குச் சொல்ல வாய் இருக்குது. அது இன்னா பண்ணும், பாவம்? வாயத் தொறந்துக்கினு மூச்சு வாங்குது."

அடையை நிறுத்த வேண்டிய கோழிக்கு மூக்கில் இறகு செருகுவது எங்கள் பக்கத்து வழக்கம். கோழி கூடையை விட்டு எழுந்துவிட்டால் அம்மா எனக்குத்தான் என்று எண்ணி, மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் செருகினேன். அது எழவில்லை, திணறியபடியே முட்டைகளை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது. பயந்து உருவினேன். இறகோடு கட்டிச் சளியும் வந்தது.

மாலையில் கோழியின் இழுப்பு அடங்கியிருந்தது. கூடையோரம் கிடந்த இறகை அம்மா எடுத்துப் பார்த்தாள்.

"றெக்கையால சளிய எடுத்தியா? என் கண்ணு!"

அத்தனை நாள் ஏங்கிய அணைப்புக்குள் கூசி நின்றேன். உண்மையைச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கோழிக்கு வெங்காயம் தட்டுவது என் வேலையாயிற்று. பொய்யாக இருமுவதையும் விட்டுவிட்டேன்.