பாத்திரத்தின் அடியில் எழுதிய பெயர்

அமெரிக்காவின் தெற்கே, எங்கள் கறுப்பு ஜனங்களின் பைன் ஹாலோ சபையில் ஒருத்தியின் சமையல் நன்றாக இல்லை என்று அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த ஜனங்கள். அவளுடைய பாத்திரத்தை எந்த மேஜையில் வைக்கிறார்கள் என்பதிலேயே எல்லாம் சொல்லிவிடுவார்கள். கதவுக்கு எதிரே உள்ள பெரிய மேஜை என்றால் அவள் சமைக்கத் தெரிந்தவள். தண்ணீர்க் குழாயை ஒட்டி, காகிதத் தட்டும் கடை ரொட்டியும் வைத்திருக்கிற சின்ன மேஜை என்றால், பாவம், அவளும் ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று பொருள்.

ஓசெல்லா பர்விஸின் டிரெஸ்ஸிங், அதாவது ரொட்டியை உதிர்த்து மசாலாவோடு சுடுகிற விருந்துப் பண்டம், பத்தொன்பது வருஷமாக அந்தச் சின்ன மேஜையில்தான் இருந்தது.

ஓசெல்லா எங்கள் ஊர்க்காரி அல்ல. முப்பது மைல் தள்ளி, மர அறுவை மில் இருக்கிற ஊரில் பிறந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற லூஷியஸைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற வேலை. மூக்கில் கண்ணாடி, வாயில் குண்டூசி, யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவளிடம் ஒரு கர்வம் இருந்தது. சும்மா இருந்த கர்வம் அல்ல, காரணத்தோடு இருந்த கர்வம்.

அவள் அம்மா அர்லீதா வாரத்தில் ஆறு நாள் ஊருக்குள் வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அடுப்பு இருக்கிற பக்கமே திரும்பமாட்டாள். "ஆறு நாள் நான் அடுத்தவங்களுக்கு ஆக்கிப் போடறேன். ஏழாம் நாள் எனக்கு ஆக்கிப் போட ஆள் இருந்தாத்தான் இந்த வீட்டுல நான் இருப்பேன்" என்று கல்யாணமான முதல் வாரமே சொல்லிவிட்டாளாம். அப்பா ஹோசியா டில்லரி மில்லில் மரம் அறுக்கிறவர், ஆறடி மூன்று அங்குலம், இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். அவர் மறுபேச்சுப் பேசாமல் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஞாயிறு சமையல் அவருடையது. அர்லீதா செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாள் படிப்பாள். ஆறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வேலை. ஒருவன் விறகு, ஒருத்தி கீரை அலசல், ஒருவன் வெங்காயம் நறுக்கி அழுவான். நான்காவது பிறந்த ஓசெல்லாவுக்கு ரொட்டி உதிர்க்கிற வேலை. வார்ப்பிரும்புச் சட்டியில் சுட்ட சோளமாவு ரொட்டியை விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். அதோடு வெங்காயம், செலரித் தண்டு, கொல்லையில் பறித்த சேஜ் என்கிற வாசனை இலை எல்லாம் சேர்த்து, புகைபோட்ட வான்கோழிக் கழுத்தை வேகவைத்த சாற்றில் நனைத்து, ஓவனில் வைத்தால் டிரெஸ்ஸிங்.

"ரொட்டிய சனிக்கிழமையே சுட்டு வச்சிரணும் கண்ணு. சூடான ரொட்டி பொய் சொல்லும், உதிர்ற மாதிரி உதிர்ந்துட்டு அப்புறம் களியாப் போயிரும்" என்பார் ஹோசியா.

"சக்கரை போடலாமாப்பா?"

"கேக் வேணும்னா கேக் செய். ரொட்டி வேணும்னா ரொட்டி செய். ரெண்டுங்கெட்டான் இந்த வீட்டுல வேணாம்."

தட்டு நீட்டியதும் அர்லீதா ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். சமையலறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "சாப்பிடலாம்" என்பாள். ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாம் அர்லீதாவின் சமையலைப் புகழ்ந்து தள்ளினார்கள். அந்த அர்லீதாவே புகழ்ந்த சமையல் ஒன்று உண்டென்றால் அது ஹோசியாவுடையது. இது ஓசெல்லாவுக்குத் தெரியும். அந்தக் கர்வம் அவளுக்கு ஒரு கவசம் மாதிரி.

பைன் ஹாலோவில் அந்தக் கவசத்தில் முதல் வருஷமே ஓர் ஆணி இறங்கியது. ஆகஸ்ட் மாதம் மூன்றாம் ஞாயிறு எங்களுக்கு ஊர் திரும்பும் ஞாயிறு. டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் பிழைக்கப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். ஆராதனை முடிந்ததும் கூடத்தில் விருந்து. விருந்துக்கு யார் என்ன செய்வது என்பது எழுதாத சட்டம். ஒரு பண்டத்துக்கு ஒரு ஆள். டிரெஸ்ஸிங் என்றால் சமையல் குழுத் தலைவி சிஸ்டர் எர்னஸ்டின் காடிஸ், அவ்வளவுதான். (சபையில் பெண்களைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.) அது தெரியாமல் புது மருமகள் ஓசெல்லா ஒரு பாத்திரம் டிரெஸ்ஸிங்கோடு போய் நின்றாள்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க இத?" என்று கேட்டாள் சிஸ்டர் காடிஸ்.

"எங்கப்பா, சிஸ்டர்."

"அப்பாவா? மில்லுல மரம் அறுக்கறவரா?" சிஸ்டர் காடிஸ் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். "பாத்துச் சாப்பிடுங்க, மரத்தூள் இருக்கப் போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். பாத்திரம் சின்ன மேஜைக்குப் போனது. ஓசெல்லா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அடுத்த வருஷமும் டிரெஸ்ஸிங்தான் கொண்டுவந்தாள், அதற்கடுத்த வருஷமும். "வேற ஏதாவது செஞ்சா என்ன? கேக் செய், பெரிய மேஜையில வைப்பாங்க" என்று லூஷியஸ் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் வண்டிச் சாவியைத் தேடப் போய்விட்டான்.

ஹோசியாவும் ஒவ்வொரு வருஷமும் முப்பது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகச் சின்ன மேஜைக்குப் போவார். மகளின் பாத்திரம் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பக்கூடாது என்று மூன்று தட்டு, நான்கு தட்டு சாப்பிடுவார். "உப்பு சரியா இருக்கு கண்ணு" என்பார். ஓசெல்லா அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள். என்றைக்காவது ஒருநாள் அப்பாவின் டிரெஸ்ஸிங்கைப் பெரிய மேஜையில் வைத்து, ஊர் முழுக்கச் சாப்பிட்டு, இது ஹோசியா டில்லரியுடையது என்று சொல்லிக் கேட்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இருபதாம் வருஷம் ஜூலையில் ஹோசியா இறந்துபோனார்.

சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. மூன்று நாள் ஓசெல்லா வீட்டு மேஜையில் பாத்திரம் வைக்க இடமில்லை. யாருடைய பாத்திரம் எது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொருத்தியும் அடியில் நகப்பூச்சால் பெயர் எழுதியிருப்பாள். சிஸ்டர் காடிஸின் பெயர் ரத்தச் சிவப்பில் இருக்கும். அந்தச் சிவப்பை வேறு யாரும் தொடத் துணிவதில்லை. அவளும் ஓர் ஆழமான பெரிய பாத்திரம் நிறையக் கோழியும் சோறும் கொண்டுவந்து, "மனசத் தேத்திக்கோ" என்று ஓசெல்லாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். பொல்லாதவள்தான், ஆனால் சாவுக்கு வராமல் இருக்கிற பொல்லாதவள் இல்லை.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. கழுவித் துடைத்து, உள்ளே ஏதாவது வைத்துத்தான் தர வேண்டும். துக்கத்தில் ஓசெல்லாவுக்கு அது தள்ளிக்கொண்டே போனது. இதற்குள் ஊர் திரும்பும் ஞாயிறு வந்துவிட்டது. அவள் எப்போதும் டிரெஸ்ஸிங் வைக்கிற அப்பாவின் நீல எனாமல் பாத்திரத்தை, "ஒரு ஞாபகமா இருக்கட்டும்" என்று பெரிய அண்ணன் டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். வீட்டில் அவ்வளவு ஆழமான பாத்திரம் சிஸ்டர் காடிஸுடையது ஒன்றுதான்.

சரி, இதிலேயே செய்வோம், விருந்து முடிந்ததும் கழுவி, ஒரு கேக்கை உள்ளே வைத்து அவளிடமே கொடுத்துவிடுவோம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தாள் ஓசெல்லா. சனிக்கிழமை ரொட்டி சுட்டாள். உதிர்க்கும்போது அழுதாள். அடியில் எழுதியிருந்த பெயர் அவள் நினைவுக்கே வரவில்லை.

ஞாயிறன்று லூஷியஸ்தான் பாத்திரத்தைக் கூடத்துச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தான். மேஜை அடுக்குகிறவள் கோராலி. அவள் ஒவ்வொரு பாத்திரத்தையும் தலைக்கு மேலே தூக்கி அடியில் பார்ப்பாள், பிறகுதான் எந்த மேஜை என்று முடிவு செய்வாள். ரத்தச் சிவப்பைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. "சிஸ்டர் காடிஸ் இந்த வருஷம் ரெண்டு செஞ்சிருக்காங்க" என்று சொல்லி, பெரிய மேஜையின் தலைப்பக்கம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

ஓசெல்லா ஆராதனை முடிந்து கூடத்துக்குள் வந்தபோது வரிசை கதவு வரைக்கும் நின்றிருந்தது. பந்திக்கு முந்து என்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் வழக்கம்போலச் சின்ன மேஜையைப் பார்த்தாள். அங்கே இல்லை. பெரிய மேஜையைப் பார்த்தாள். அதன் தலைப்பக்கம் அவளுடைய டிரெஸ்ஸிங் இருந்தது.

"அந்தப் பக்கத்துப் பாத்திரத்துல இருந்து போடு, இதுல இருந்து வேணாம்" என்று ஒருவன் கரண்டிக்காரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். சிகாகோவிலிருந்து வந்த ஒரு தடித்த மனுஷன் இரண்டாம் முறை வரிசையில் நின்று மாட்டிக்கொண்டு, "என் பொண்டாட்டிக்கு" என்று புளுகினான். அவன் பொண்டாட்டி அவனுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். அரைமணி நேரத்தில் ஒரு பாத்திரம் பாதியில் நிற்க, மற்றதில் மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்டர் வில்க்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "சிஸ்டர் காடிஸ்! முப்பது வருஷமா உங்க கையால சாப்பிடறேன். இன்னிக்கு மாதிரி ஒருநாளும் சாப்பிட்டதில்ல. எழுந்து நில்லுங்க சிஸ்டர்!"

கூடமே கை தட்டியது. சிஸ்டர் காடிஸ் எழுந்தாள். வழக்கமாகப் புகழ்ச்சிக்கு எழுந்தால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நான்கு வார்த்தை பேசுவாள். இன்று, "எல்லாம் தேவ கிருபை" என்று முனகிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஓசெல்லா மைக் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்து நின்றாள். சபையில் தன் சமையலைத் தானே சொல்லிக்கொள்வதைப் போல அசிங்கம் வேறில்லை. அப்பாவை அடக்கம் செய்து ஒரு மாதம்தான் ஆகிறது. லூஷியஸ் அவள் முழங்கையைப் பிடித்து, "விடு ஓசெல்லா, சாப்பிட்டாங்கல்ல, அது போதும்" என்றான்.

"எனக்குன்னா போதும்" என்றாள் ஓசெல்லா.

அவள் நடந்து போய் மைக்கை வாங்கினாள். இருபது வருஷத்தில் அவள் மைக் பிடித்துப் பார்த்தவர் யாருமில்லை.

"காலியான அந்தப் பாத்திரம் சிஸ்டர் காடிஸோடது. துக்கத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்து குடுத்தாங்க, அதுக்கு நன்றி. அடியில பேர் இருக்கறத நான் கவனிக்கல, தப்பு என்னோடது. ஆனா உள்ள இருந்த டிரெஸ்ஸிங் எங்கப்பாவோடது. அவர் பேரு ஹோசியா டில்லரி. பத்தொன்பது வருஷமா அந்தச் சின்ன மேஜையில உக்காந்து சாப்பிட்டாரே, அவர்தான்."

பாஸ்டர் கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார். எல்லாத் தலையும் சிஸ்டர் காடிஸ் பக்கம் திரும்பியது.

சிஸ்டர் காடிஸ் மெதுவாக எழுந்தாள். "முதல் கரண்டியிலயே எனக்குத் தெரியும். நான் சக்கரை போடாம ரொட்டி சுட்டதே இல்ல" என்றாள். "சந்தேகத்துக்கு இன்னொரு தட்டு வாங்கிப் பாத்தேன்."

"மூணு தட்டு சிஸ்டர், நான்தான் போட்டேன்" என்றாள் கரண்டிக்காரி.

"நீ வாய மூடு. பாஸ்டர் எழுந்து நிக்கச் சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும். வாய் வரல. கர்த்தர் மன்னிக்கட்டும், நீயும் மன்னிச்சுக்கோ ஓசெல்லா. ஒரு மனுஷன் கைவேலைய நான் மரத்தூள்னு சொன்னேன்." அவள் தொப்பியைக் கழற்றினாள். "ஒருநாள்கூட ஒரு வாய் வாங்கிப் பாக்காமலே சொன்னேன்."

யாரோ, "ஹோசியா டில்லரி!" என்று கத்தினார்கள். பாஸ்டர் அதைத் திருப்பிச் சொன்னார். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஓசெல்லா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, அது ஓயும் வரை நின்று கேட்டாள். ஒரு கைதட்டலைக்கூட விடவில்லை.

சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு சிஸ்டர் காடிஸிடம் வந்தாள். உள்ளே வைக்க நினைத்திருந்த கேக்கையும் சிகாகோக்காரர்கள் தின்று தீர்த்திருந்தார்கள்.

"வெறும் பாத்திரத்தத் தரேன் சிஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. யாரும் ஒண்ணும் மிச்சம் வைக்கல."

"என் வாழ்க்கையில வெறும் பாத்திரம் திரும்பி வர்றது இதான் முதல் தடவ" என்றாள் சிஸ்டர் காடிஸ். வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்துத் தன் பெயரின் மேல் பட்டையாக ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய எழுத்தில் ஹோசியா டில்லரி என்று எழுதினாள்.

"எடுத்துட்டுப் போ. அடுத்த வருஷம் தலைப்பக்கம் இதான். ஈரம் காயற வரைக்கும் கவுத்துப் பிடி."

வீடு போகும் வரை ஓசெல்லா பாத்திரத்தை மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு எழுத்து அந்தி வெயிலில் பளபளத்தது. வண்டி குழியில் இறங்கித் தூக்கிப் போட்டபோது லூஷியஸ் பழக்கதோஷத்தில் பதறிப்போய், "பாத்து, பாவாடையில கொட்டிரப் போகுது" என்றான்.

"கொட்டறதுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தாள் ஓசெல்லா.