கசிந்தது என்று ஒரு குறிச்சொல்

"நீ எண்ணெய்ப் பம்புக் கேள்வியா, வடிகட்டிக் கேள்வியா? உன்னை எந்தப் பாடத்துல போடறது?" என்று மனாங் பெத்வா கணினித் திரையைக் கேட்கிறார். கேள்விகளை ஒருமையில்தான் அழைப்பார்; நாங்கள் அவரை மனாங், அதாவது அக்கா, என்போம். இலோஇலோ துறைமுக நகரில் கப்பல் இன்ஜினியர் தேர்வுக்கான வினா வங்கி எங்களுடையது. அதிலுள்ள ஒவ்வொரு கேள்விக்கும் குறிச்சொல் ஒட்டுவது அவர் வேலை: எந்தப் பாடம், எவ்வளவு கடினம், கடைசியாக எப்போது தேர்வில் வந்தது. குறிச்சொல் இல்லாத கேள்வியை அவர் கிட்டவே சேர்ப்பதில்லை. "ஊர் பேர் தெரியாதவனை வீட்டுக்குள்ள விடுவியா?"

கேள்வி எழுதித் தரும் சலவேரியா, ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர். எல்லாவற்றிலும் 'எளிது' என்றே குறித்து அனுப்புவார். மனாங் அலுத்துக்கொள்ளாமல் மாற்றுவார். "அவருக்கு எல்லாமே சுலபம்தான். வீட்டுல சும்மா உக்காந்திருக்கிறது ஒண்ணுதான் கஷ்டம்."

ஒரு கேள்வி இன்னொன்றின் விடையைக் காட்டிக்கொடுத்தால் இரண்டுக்கும் 'பகை' என்று குறிப்பார். பிறகு அவை ஒரே தாளில் சேர முடியாது. அலுவலகத்தில் யாருக்காவது கல்யாணம் என்றால், யாரை யாரோடு ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடாது என்று அவரைத்தான் கேட்கிறோம். மேலாளருக்கும் அவர் மச்சானுக்கும் கேட்காமலே பகை குறித்துக் கொடுத்தார். சரியாகத்தான் இருந்தது.

அவர் மகள் மைலா அடுத்த வாரம் இதே தேர்வை மூன்றாம் தடவையாக எழுதுகிறாள். போன தடவை ஒரே மார்க்கில் கோட்டை விட்டாள். அவள் பெயர் கொடுத்த அன்றே மனாங் மேலாளரிடம் சொல்லிவிட்டதால், இந்தத் தடவை வினாத்தாள் அமைக்கும் வேலை வேறொருவருக்குப் போனது. வீட்டில் பாடத்தைப் பற்றி மைலா வாயைத் திறந்தால், சோறு வெந்துவிட்டதா பார் என்பார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், சாப்பாடும் அங்கேதான். ஞாயிறன்று சாப்பிடும்போது, எங்கேயோ வாங்கிய நகல் கட்டிலிருந்து மைலா ஒரு கேள்வியைச் சத்தமாகப் படித்தாள். எழுத்துக்கு எழுத்து எங்கள் வங்கிக் கேள்வி. விடையையும் சரியாகச் சொன்னாள்.

"இது மட்டும் வந்துட்டா ஒரு மார்க் உறுதிம்மா. போன தடவை குறைஞ்சது அந்த ஒண்ணுதானே."

அதை யாரிடம் வாங்கினாய் என்று மட்டும் மனாங் கேட்டார்.

மறுநாள் காலை அந்தக் கேள்வியைத் திறந்தார். வெகுநாளாகத் தேர்வில் வராதது. இந்தத் தடவை வர நிறையவே வாய்ப்பு. கேள்வி வெளியே போய்விட்டது என்று யாருக்குத் தெரிந்தாலும் அதைக் குறித்தாக வேண்டும். குறித்தால் அது எல்லாத் தாள்களிலிருந்தும் தானாக நீங்கிவிடும். தேர்வு முடிந்த பிறகு குறித்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்டேன்.

"அந்தக் கட்டு கிடைக்காத பிள்ளைங்களுக்கும் ஒரு மார்க் குறையும்ல," என்றார். 'கசிந்தது' என்று குறித்துச் சேமித்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

அன்று இரவும் மைலா அதே கேள்வியை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மனாங் மகளின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பால்மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். மைலாவுக்கு இருபத்தாறு வயது.