கைக்குப் போட்ட மார்க்

ஆஸ்பத்திரியிலிருந்து வெகுதூரம் வந்து முதலமடை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்காமல் நீட்டிக்கொண்டே இருந்தன.

பக்கத்தில் இருக்கும் சித்தூரில் தேங்காய் உரிக்கும் மெஷினில் அந்தக் கை மாட்டியது. நரம்பைத் தைத்த பிறகு, காயம்பட்ட கைகளுக்கு வைத்தியம் எவ்வளவு பலன் தருகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் என்னையும் சேர்த்தார்கள். சில மாதம் விரல் பயிற்சி, முடிவில் ஒரு அளவெடுப்பு. அதில் மார்க் குறைந்தால் பயிற்சி நீளும், இன்னொரு ஆபரேஷனும் உண்டு. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அளவெடுக்கும் நாளில் கேள்வி கேட்ட ஆஸ்பத்திரிப் பெண் தாளைப் பார்த்தே வாசித்தாள்.

“ஏனுங்ணா, பூட்டுல சாவி திருகறதுக்குச் சிரமமுங்களா?”

“பூட்டுறதுக்கு வீடு வேணும்லம்மா. செரமம் ஒண்ணும் இல்ல.”

“சட்டைப் பட்டன்?”

“பனியன்தான் போடுறது.”

“ஜாடி மூடி திறக்கறது?”

“ஊறுகா பாக்கெட்ல வருது. பல்லால கடிச்சுருவேன்.”

அவள் சிரித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சிரமம் இல்லை என்று குறித்தாள். நானும் தலையாட்டினேன்.

அடுத்து, கைப்பிடியின் பலம் அளக்க, பிடித்து அழுத்தும் கருவியைக் கொடுத்தாள். வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன் நான். அங்கே டிஸ்பென்சரியில் எதைச் சோதித்தாலும் நாளைக்கு வேலை உண்டா என்பதற்குத்தான். வலியைக் காட்டினால் பேரை வெட்டிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். முள் நன்றாக ஏறியது.

டாக்டர் தாளைப் பார்த்தார். “நல்ல முன்னேற்றம். இனி பயிற்சி வேண்டா.”

“சார், சோறு பெசஞ்சு திங்க முடியல. கரண்டியிலதான் திங்கேன். மம்பட்டி பிடிச்சா நழுவுது.”

பெண் தாளைப் புரட்டினாள். “சோறு திங்கறது இதுல கேக்கலீங்ணா.”

“அப்ப முதல்ல இருந்து கேளும்மா. சரியாச் சொல்றேன்.”

“கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுங்ணா. மாத்தறதுக்கு என்னால ஆகாதுங்க.”

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார்கள். வெளியே வந்து நடக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை முதலமடையில் ஒரு மாங்காய் மண்டியில் ஆள் எடுத்தார்கள்.

“பெட்டி தூக்குவீங்களா?” என்று மேஸ்திரி கேட்டார்.

“தூக்குவேன்.”

முதல் பெட்டியே வலப்பக்கம் சரிந்து காய்கள் உருண்டன. அவர் என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

“முதல்லயே சொல்றதுக்கு என்னங்க? அந்தப் பக்கம் போய் அழுகல் பொறுக்குங்க.”

குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து இடது கையால் பொறுக்க ஆரம்பித்தேன்.